யானைமலையில் மோதி வரும் உங்கள் குரல்... செல்போன் அதை எப்படிச் சரிசெய்கிறது?

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் கிளம்பும் பேருந்தில் இந்தக் காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். ஜன்னலோரத்தில் இருப்பவர் போனை எடுத்து, "ஒத்தக்கடை தாண்டியாச்சும்மா, அரை மணி நேரத்துல வந்துருவேன், உலை வச்சுரு" என்கிறார். பாதிப் பேச்சில் குரல் இழுபடுகிறது. "கேக்குதாம்மா... ஹலோ?" என்றபடி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றுகிறார். "ஆங், இப்பக் கேக்குது, சொல்லு." அவ்வளவுதான். பேச்சு தொடர்கிறது.

குரல் ஒரு விநாடி அறுந்ததற்கு நெட்வொர்க் கம்பெனியைத் திட்டுகிறோம். உண்மையில் ஆச்சரியப்பட வேண்டியது, மீதி நேரமெல்லாம் எப்படிக் கேட்டது என்பதற்குத்தான். ஓடும் பேருந்துக்குள் இருக்கும் போனுக்கு டவரிலிருந்து நேராக வந்து சேரும் அலை பெரும்பாலும் மிகக் குறைவு. வந்து சேர்வதெல்லாம் எதிரொலிகள். எதிரே வரும் லாரியின் தகரத்தில் பட்டுத் தெறித்தது ஒன்று, சாலையோரக் கல்யாண மண்டபத்தின் சுவரில் பட்டது ஒன்று, யானை படுத்திருப்பதுபோல் சுமார் 3 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கும் யானைமலையின் பாறையில் மோதி வந்தது ஒன்று. எல்லாம் ஒரே பேச்சின் பிரதிகள்தாம். ஆனால், ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கிறது. இந்தக் கூச்சலிலிருந்து அசல் பேச்சைப் பிரித்தெடுக்கும் வேலைக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர், ஈக்வலைஸர்.

பெயர் பழக்கப்பட்டதுதான். திருவிழாவுக்கு மைக் செட் போடுபவர் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வரிசையாகக் குமிழ்கள் உள்ள பெட்டி ஒன்றை வைத்திருப்பாரே, அதற்கும் அதே பெயர். மண்டபத்தில் எந்த ஓசை அமுங்குகிறதோ அதைத் தூக்கிவிடுவார், எது இரைகிறதோ அதைக் குறைப்பார். செல்போனுக்குள் இருப்பதும் குணத்தில் அதன் உறவுதான். வித்தியாசம் ஒன்று உண்டு. மைக் செட்காரர் காலையில் ஒருமுறை திருகி வைத்தால் சாயங்காலம் வரை போதும். செல்போனில் அதை விநாடிக்கு 200 தடவைக்கு மேல் புதிதாகத் திருக வேண்டும்.

மஹாலில் ஒரு கைதட்டல்

திருமலை நாயக்கர் மஹாலுக்குள் நின்று வேகமாகப் பேசிப் பாருங்கள். இரண்டாவது சொல் வாயிலிருந்து வரும்போது, முதல் சொல்லின் வால் தூண்களில் மோதி வந்து அதன் மேல் விழுந்திருக்கும். நிறுத்தி நிதானமாகப் பேசினால் தொல்லை இல்லை. வேகம் கூடக் கூடத்தான் சொற்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன.

ரேடியோ அலையிலும் இதேதான் நடக்கிறது, கணக்கு மட்டும் வேறு. ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் போகும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில், அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், 300 மீட்டர் போய்விடும். நம் ஊரில் 2ஜி என்று பழகிய ஜி.எஸ்.எம். முறையில் ஒரு பிட்டின் நீளம் 3.69 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் அலை கடக்கும் தூரம் 1.1 கி.மீ. இப்போது ஒரு மலை உங்களுக்குப் பின்னால் 2 கி.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தாண்டிப் போய், பாறையில் மோதித் திரும்பும் அலைக்கு 4 கி.மீ. கூடுதல் பயணம். 13 மைக்ரோ விநாடி தாமதம். அதற்குள் மூன்றரை பிட் கடந்துபோயிருக்கும். இந்த பிட்டைக் கேட்க வேண்டிய நேரத்தில், மூன்று நான்கு பிட்டுக்கு முந்தைய சங்கதியும் சேர்ந்து காதில் விழுகிறது.

இது ஒரு சிக்கல். இன்னொன்று, அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வது. தெப்பக்குளத்தில் இரண்டு கல்லை ஒரே நேரத்தில் எறிந்தால், ஓர் அலையின் மேடும் மற்றதன் பள்ளமும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் ஆடாமல் நிற்கும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். அதில் பாதி, அதாவது ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவான தூரம் நகர்ந்தாலே, சிக்னல் செத்த இடத்திலிருந்து நல்ல இடத்துக்கு வந்துவிடலாம். பேருந்துக்காரர் காது மாற்றியதும் குரல் திரும்பியதில் மந்திரம் எதுவும் இல்லை. பேருந்து 60 கி.மீ. வேகத்தில் போனால் இந்த மேடு பள்ளங்களை விநாடிக்கு நூறு வரை கடக்க நேரிடும். இதைத்தான் ஃபேடிங் என்கிறார்கள்.

சரி, எதிரொலி எப்படி வருகிறது என்று போனுக்கு எப்படித் தெரியும்? மஹாலின் எதிரொலியை அளக்க என்ன செய்வோம்? ஒருமுறை கைதட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். ஜி.எஸ்.எம். செய்வதும் அதுதான். ஒவ்வொரு முறையும் 148 பிட்டுகளை ஒரு கட்டாக அனுப்புகிறது. அதில் நட்டநடுவே இருக்கும் 26 பிட்டுகளில் பேச்சே கிடையாது. அவை என்னென்ன என்பது டவருக்கும் தெரியும், போனுக்கும் தெரியும். அவைதாம் கைதட்டல். தெரிந்த அந்த 26 பிட்டுகள் எப்படி உருக்குலைந்து வந்திருக்கின்றன என்று பார்த்தால், நடுவில் என்னென்ன எதிரொலி கலந்திருக்கிறது என்பது விளங்கிவிடும்.

ஏன் நடுவில் வைத்தார்கள், முதலிலேயே வைத்தால் என்ன? ஒரு கட்டு அனுப்ப ஆகும் நேரம் 577 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் நம் மேலூர் பேருந்து நகர்ந்திருக்கும் தூரம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அந்தச் சிறு நகர்விலும் எதிரொலிகள் கொஞ்சம் மாறும். நடுவில் அளந்தால் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் அந்த அளவு ஓரளவு பொருந்தும், முதலிலேயே அளந்தால் கடைசியில் இருக்கும் பிட்டுக்கு அது பழைய சரக்கு. அடுத்த கட்டு 4.6 மில்லி விநாடி கழித்து வரும், அப்போது மறுபடியும் கைதட்டல். விநாடிக்கு சுமார் 217 தடவை.

எல்லா வழியையும் போய்ப் பார்க்க வேண்டாம்

எதிரொலி தெரிந்துவிட்டது. அதை நீக்குவது எப்படி? மைக் செட்காரர் வழியில் போகலாம். அமுங்கிய ஓசையைத் தூக்கிவிடலாம். ஆனால், ஃபேடிங்கில் சில ஓசைகள் அமுங்குவதில்லை, செத்தே போகின்றன. செத்ததைத் தூக்கிவிடக் குமிழைத் திருகினால் இரைச்சல்தான் எழும்பும். மைக் செட்டில் 'உஸ்ஸ்' என்று வருமே, அது.

அதனால் வேறு வழி பிடித்தார்கள். வந்த சிக்னலைத் திருத்துவதற்குப் பதிலாக, 'எந்த பிட்டுகளை அனுப்பியிருந்தால், இந்த எதிரொலிகளோடு சேர்ந்து, இப்படி வந்திருக்கும்?' என்று ஊகிப்பது. ஒவ்வொரு ஊகத்தையும் வந்த சிக்னலோடு ஒப்பிட்டு, அதிகம் பொருந்துவதை எடுத்துக்கொள்வது. ஆனால், 116 பிட்டுகளுக்கு இருக்கக்கூடிய ஊகங்களின் எண்ணிக்கை 35 இலக்கங்களில் போய் நிற்கும். எந்தக் கம்ப்யூட்டராலும் எண்ணித் தீராது.

இங்கேதான் ஆண்ட்ரூ விட்டர்பி வருகிறார். இத்தாலியில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா போனவர். 1967-ல் அவர் எழுதிய கணக்குமுறையை மதுரைக்காரர்களுக்குச் சொல்வது எளிது. தேனியிலிருந்து மேலூருக்கு வர வேண்டும், நடுவே மதுரையைக் கடந்தாக வேண்டும் என்றால், தேனி - மதுரை வழிகளில் சிறந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடலாம். மதுரைக்கு அப்பால் எப்படிப் போனாலும், அதுவரை தோற்ற வழி இனி ஜெயிக்கப்போவதில்லை. இப்படி ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரே ஒரு வழியை உயிரோடு விட்டுவிட்டு மற்றதை வெட்டிக்கொண்டே போனால், கோடானுகோடி ஊகங்கள் கைக்கடக்கமாகிவிடுகின்றன. எதிரொலி 4 பிட் வரை நீண்டால், ஒவ்வொரு படியிலும் நினைவில் வைக்க வேண்டிய வழிகள் 16 மட்டுமே. விட்டர்பி இதை வேறொரு வேலைக்காக எழுதினார். எதிரொலிக் குழப்பத்துக்கும் இதுவே மருந்து என்று 1972-ல் காட்டியவர் டேவிட் ஃபார்னி. பின்னாளில் குவால்காம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் விட்டர்பியும் ஒருவர்.

மேலூரில் ஈக்வலைஸர் இல்லாத ரேடியோ

இந்தக் கதையில் மேலூருக்குத் தனி இடம் உண்டு. அது ஈக்வலைஸரைக் கைவிட்ட கதை.

1990-களில் ஒரு தொலைபேசி இணைப்புக் கொடுக்க முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகும் காலம். சென்னை ஐ.ஐ.டி-யில் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி உள்ளிட்ட பேராசிரியர்களின் 'டெனெட்' குழு, அந்தச் செலவைப் பத்தாயிரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று இறங்கியது. செலவில் பெரும்பகுதி, பள்ளம் தோண்டிக் கம்பி புதைப்பதில்தான் போனது. எனவே கடைசிக் கம்பியை எடுத்துவிட்டு ரேடியோவை வைத்தார்கள். மைடாஸ் என்ற சென்னை நிறுவனத்தோடும், சிப் செய்ய அமெரிக்காவின் அனலாக் டிவைஸஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் கருவியின் பெயர் 'கார்டெக்ட்'.

அது டெக்ட் என்ற ஐரோப்பிய முறையின் மேல் கட்டப்பட்டது. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பேசும் கம்பியில்லா போனுக்காக வந்த முறை. மலிவாக இருக்க வேண்டும் என்பதால் அதில் ஈக்வலைஸர் இல்லாமலே வேலை நடக்கும்படி வைத்திருந்தார்கள். அறைக்குள் எதிரொலி எவ்வளவு தூரம் சுற்றிவிடப்போகிறது? ஆனால், வெட்டவெளியில் கதை வேறு. அதன் ஒரு பிட் 0.87 மைக்ரோ விநாடிதான், ஜி.எஸ்.எம். பிட்டில் கால்வாசிக்கும் குறைவு. எதிரொலி சில பத்து மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தாலே தகராறு.

ஐ.ஐ.டி. குழு சிக்கலை எதிர்ப்பக்கத்திலிருந்து பிடித்தது. எதிரொலியைச் சரிசெய்யக் கருவி வைப்பதற்குப் பதிலாக, எதிரொலியே வராதபடி செய்தால்? போன் நகராது, வீட்டுச் சுவரில்தான் இருக்கும். கூரைக்கு மேல் கம்பம் நட்டு, டவரை மட்டும் பார்க்கும் ஆன்டெனாவை மாட்டினால், பக்கவாட்டு அலைகள் உள்ளே வராது. டவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இப்படி 10 கி.மீ. வரை எட்டியது. நடுவே இன்னொரு நிலையம் வைத்தால் 25 கி.மீ. இணைய வேகம் 35 முதல் 70 கிலோபிட். இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டோகூட முக்கி முனகித்தான் போகும் வேகம் அது.

2001 நவம்பரில் இதை வைத்து மேலூர் தாலுகாவில் 'சாரி' என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி., ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் பெர்க்மன் மையம், என்-லாக் நிறுவனம் ஆகியவை அதில் இருந்தன. கிராமத்துக்கு ஒரு இணைய மையம். கம்ப்யூட்டர், பிரின்டர், வெப் கேமரா, ஆன்டெனா எல்லாம் சேர்த்து சுமார் 50,000 ரூபாய். உள்ளூர் இளைஞரோ, இளம்பெண்ணோ, பலரும் கடன் வாங்கித்தான் முதல் போட்டார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட மையங்கள் வந்தன. தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்புவது, கம்ப்யூட்டர் வகுப்பு, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு மெயில் என்று வேலை நடந்தது.

அதில் முக்கியமானது கண். மையத்துக்கு வரும் பெரியவரின் கண்ணை வெப் கேமராவில் படமெடுத்து, கேள்விகளுக்குப் பதிலும் சேர்த்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பார்த்துவிட்டு, 'உடனே வரச் சொல்லுங்கள்' அல்லது 'இது வயதுக்குரியதுதான்' என்று பதில் வரும். 1976-ல் டாக்டர் கோ.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த மருத்துவமனை அது. கண்புரை முற்றிய ஒருவர் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரை போவதென்றால், துணைக்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு நாள் கூலி போகும். 'போகத்தான் வேண்டுமா' என்பது அங்கேயே தெரிந்துவிடுவது சின்ன விஷயமில்லை. பிட் ஒழுங்காகப் போய்ச் சேர்வது, சேராதது என்பதெல்லாம் கடைசியில் இதில் வந்துதான் நிற்கிறது.

ஆனால் டவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! மேலூர் வட்டாரம் பார்வைக்குச் சமவெளிதான். நடுநடுவே பாறைக் குன்றுகள். அரிட்டாபட்டியில் மட்டும் ஏழு குன்றுகள். குன்றுக்கு மறுபக்கம் இருக்கும் ஊருக்கும், வளர்ந்துவிட்ட தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கும் வீட்டுக்கும் இந்த முறையில் பதில் இல்லை, கம்பத்தை உயர்த்துவதைத் தவிர. ஈக்வலைஸர் வைத்த செல்போனோ, மறைவிலிருந்தும் எதிரொலியைப் பிடித்துப் பேசியது. விலையும் இறங்கியது. கார்டெக்டின் காலம் அதோடு முடிந்தது.

மேலூர் மையங்களில் பலவும் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. அதை ஆராய்ந்து மைக்கேல் பெஸ்ட்டும், தமிழகப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி ராஜேந்திர குமாரும் 2008-ல் கட்டுரை எழுதினார்கள். வருமானம் நிலைக்காதது அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது. அலை சேர்ந்தது, காசு சேரவில்லை. கடன் வாங்கியவர்களுக்கு அது ஆராய்ச்சி முடிவு இல்லை, மாதத் தவணை.

கண் பரிசோதனை யோசனை மட்டும் சாகவில்லை. தேனிப் பக்கம் அரவிந்தின் பார்வை மையங்களை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று வைஃபையை நீட்டிப் பத்துப் பதினைந்து கி.மீ. தூரத்துக்கு இணைத்தது. மருத்துவர் தேனியில், நோயாளி கிராமத்தில், நடுவில் வீடியோ. அங்கே அவர்களைப் படுத்தியது ரேடியோவைவிட கரன்ட்தான். மின்னழுத்தம் ஏறி இறங்கிக் கருவிகளைப் பதம்பார்த்தது.

எதிரொலியே வரமான கதை

4ஜி வந்தபோது மஹாலில் நாம் கண்டுபிடித்த அதே யுக்தியைப் பெரிய அளவில் செய்தார்கள். நிதானமாகப் பேசுவது! ஒருவர் படுவேகமாகப் பேசுவதற்குப் பதில், 1,200 பேர் ஆளுக்கொரு சுருதியில் மெதுவாகப் பேசுவது போல. ஒவ்வொருவரின் ஒரு சொல்லுக்கும் 66.7 மைக்ரோ விநாடி. சொல்லுக்குச் சொல் சுமார் 4.7 மைக்ரோ விநாடி இடைவெளி, எதிரொலி அடங்குவதற்கு. அந்த இடைவெளிக்குள் 1.4 கி.மீ. கூடுதலாகச் சுற்றி வரும் அலைகூட அடங்கிவிடும். பிறகு ஒவ்வொரு சுருதியையும் தனித்தனியாக ஒரே ஒரு பெருக்கல் கணக்கில் சரிசெய்துவிடலாம். 16 வழிகளை நினைவில் வைக்கும் பாடெல்லாம் இல்லை.

இதைவிடச் சுவையான திருப்பத்தைக் கொடுத்தவர் பொள்ளாச்சிக்காரர். 1944-ல் அங்கே பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், பதினைந்து வயதில் தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்து கடற்படைக்குப் போனவர். 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தான் நீர்மூழ்கியின் தாக்குதலில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியது. நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் சோனார் கருவியை மேம்படுத்தும் பணி பால்ராஜிடம் வந்தது. கடலுக்குள் ஒலி மேற்பரப்பிலும் தரையிலும் மோதி மோதித்தான் வரும். அங்கே எதிரொலிகளோடு பழகியவர், பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு யோசனையை முன்வைத்தார். அனுப்பும் இடத்திலும் வாங்கும் இடத்திலும் பல ஆன்டெனாக்களை வைத்தால், வெவ்வேறு வழியில் வரும் அலைகளைப் பிரித்தறியலாம். பிரித்தறிய முடிந்தால், ஒவ்வொரு வழியிலும் வேறு வேறு செய்தியையே அனுப்பலாமே! இதுதான் 'மைமோ'. இன்றைய வைஃபையிலும் 4ஜி, 5ஜியிலும் இருப்பது. 2010-ல் பத்மபூஷண், 2014-ல் மார்க்கோனி பரிசு. இத்தனை பெரிய வேலைக்கு நம் ஊரில் அவர் பெயர் இவ்வளவு குறைவாகவே தெரிந்திருப்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

5ஜியில் மேலூர் போன்ற ஊர்களுக்காகவே ஒரு போராட்டம் நடந்தது. கிராமப்புறத்துக்கு என்று உலக அமைப்பு வைத்திருந்த சோதனைக் கணக்கில் டவருக்கும் டவருக்கும் இடையே 1.7 கி.மீ. தான். இந்தியக் கிராமத்துக்கு அது கட்டுப்படியாகாது, 6 கி.மீ. இடைவெளிக்கும் வேலை செய்ய வேண்டும் என்று சென்னை ஐ.ஐ.டி., ஹைதராபாத் ஐ.ஐ.டி. பொறியாளர்கள் வாதாடினார்கள். 2017-ல் அந்தச் சோதனையும் கட்டாயமாக்கப்பட்டது. தூரத்துக்கு எட்ட அவர்கள் சொன்ன வழிகளில் ஒன்றில் நம் ஈக்வலைஸர் மறுபடி வருகிறது. போன் அனுப்பும்போதே அலையை வேண்டுமென்றே கொஞ்சம் கலங்கடித்து அனுப்புவது, டவரில் உள்ள ஈக்வலைஸர் அதைத் தெளியவைப்பது. அப்படிக் கலங்கடித்தால் அலையின் உயரம் அதிகம் ஏறி இறங்காது. விலை குறைந்த போனின் சின்ன ஆம்ப்ளிஃபயரும் முழு மூச்சாகக் கத்த முடியும், குரல் தூரம் போகும். '5ஜிஐ' என்று தனிப் பெயரோடு இருந்த இந்திய முறை 2021 டிசம்பரில் உலகப் பொது 5ஜி தரத்தோடு இணைக்கப்பட்டது.

வீட்டில் சிக்னல் மோசம் என்றால், மொட்டைமாடிக்கு ஓடுவதற்கு முன் ஒரு சாண் நகர்ந்து பாருங்கள். இரும்பு பீரோ பக்கத்திலிருந்தும், தகரக் கூரைக்கு அடியிலிருந்தும் விலகி ஜன்னலோரம் வந்தால் இன்னும் நல்லது. ஆனால், சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அதிகாலையில் போன் கிடைக்கவில்லை என்றால் நகர்ந்து பயனில்லை. அது ஃபேடிங் இல்லை, நெரிசல். ஒரே டவரில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச முயன்றால் வருவது. அதற்கு எந்த ஈக்வலைஸரிடமும் மருந்து கிடையாது. முந்தின நாளே "தொலைஞ்சா தமுக்கம் வாசல்ல வந்து நில்லு" என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்துக் கிளம்புங்கள்.